பேர் வந்த கதை – 17: முக்காடு போட்ட குரங்கு

சென்னிமலைப் படிக்கட்டில் பாதி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தேன். எதிர்ச்சுவரில் ஒரு கடுவன். அதன் கண் என் பையிலிருந்த தேங்காய் மூடி மேல். என் கண் அதன் தலை மேல். உச்சியில் ஒரு சுழி. அங்கிருந்து முடி நாலாபக்கமும் விரிந்து, முன்பக்கம் நடுவகிடு எடுத்துச் சீவியதுபோல் பிரிந்திருந்தது. நெற்றி மட்டும் வெறிச்சென்று, சுருக்கம் சுருக்கமாக.

"இதுதானுங்களா மாமா, கபுச்சின் குரங்கு?" என்றான் தங்கச்சி மகன். ஏதோ சினிமாவில் பார்த்திருக்கிறான்.

"இல்ல கண்ணு, அது அமெரிக்காப் பக்கம்."

மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மரத்துக்கு மரம் தாவுகிற சின்னக் குரங்கு அது. முகமும் தோளும் வெளிறியிருக்கும்; உச்சந்தலையில் மட்டும் கருந்தொப்பி. அதைப் பார்த்த ஐரோப்பியர்களுக்குத் தங்கள் ஊர்ச் சாமியார்கள் நினைவுக்கு வந்துவிட்டார்கள். பிரான்சிஸ்கன் சபையிலிருந்து பிரிந்து, 1528இல் போப்பாண்டவரின் அனுமதி பெற்ற துறவிகள். பழுப்பு அங்கி, கூம்பு முக்காடு. அந்த முக்காட்டுக்கு இத்தாலியில் 'கப்பூச்சோ' என்று பேர். போட்டவர்கள் கப்பூச்சின்கள் ஆனார்கள். லின்னேயஸ் 1758இல் குரங்கின் அறிவியல் பெயரிலும் அதையே ஏற்றிவிட்டார். பால் கலந்த காபி அங்கியின் நிறத்தில் இருந்ததால் அதற்கும் அதே பேர்.

முக்காடு நம் பக்கமும் வந்திருக்கிறது. பிரெஞ்சுக் கப்பூச்சின்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வந்து தங்கினார்கள். புதுச்சேரி தூய்மா வீதியிலுள்ள மாதா கோயிலை ஊர்க்காரர்கள் இன்றும் 'கப்ஸ் கோயில்' என்கிறார்கள். எத்தனை பேருக்கு அந்த 'கப்ஸ்' யாரென்று தெரியுமோ!

சென்னிமலைக் கடுவனையும் வெள்ளைக்காரன் விடவில்லை. 'பானெட்' என்று தொப்பி மாட்டிவிட்டான். லத்தீன் பெயர் 'ரேடியாட்டா', கதிர்போல் விரிந்தது என்று பொருள். இது பரவாயில்லை, சுழியை உற்றுப் பார்த்தவர் வைத்த பேர். இலங்கைக் குரங்குக்கு 'டோக்' என்று இன்னொரு தொப்பி. லத்தீனிலோ 'சினிக்கா', அதாவது சீனத்துக் குரங்கு! இலங்கையை விட்டால் வேறெங்கும் இல்லாத குரங்கு அது.

நம்மவர்கள் தலையைப் பார்க்கவில்லை. ஆண் கடுவன், பெண் மந்தி. குரங்கு வேறு, முசு வேறு, ஊகம் வேறு. தொல்காப்பிய மரபியலிலேயே இத்தனையும் இருக்கிறது. எனக்கென்னவோ, குரங்கோடு கூடவே இருந்து பார்த்தவர்கள் வைத்த பேராகத்தான் இவை படுகின்றன. தொப்பிப் பேர் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் வைத்தது.

இத்தனையையும் படியிறங்கும்போதே பையனிடம் சொல்லி முடித்தேன். தேங்காய் மூடி அதற்குள் கைமாறியிருந்தது. பெருந்துறை வந்து பைபாஸ் பேக்கரியில் உட்கார்ந்ததும், "என்ன வேணுமுங்க?" என்றார் கடைக்காரர்.

"கொரங்குக் காபி ஒண்ணுங்க" என்றான் பையன். அவர் என்னைத்தான் பார்த்தார்.