ரூ.6 ஆயிரத்து 838 எங்கே போனது? போலீஸ் நிலையத்துக்கு ஓடிய குமாஸ்தா!

41 முறை பணம் வாங்கிய "மர்ம பெண்" யார்?

சென்னை,

"என் சம்பளப் பணத்தை யாரோ உருவுறாங்க சார்" என்று அலறிக்கொண்டு போலீஸ் நிலையத்துக்கு ஓடி வந்தார் ஒரு குமாஸ்தா. 7 பக்கக் காகிதத்தில் திருடன் பிடிபட்டான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பெரம்பூரைச் சேர்ந்தவர் அவர். வயது 46. பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஊர் கணக்கை எல்லாம் எழுதுகிறவர், தன் கணக்கில் கோட்டை விட்டார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

சம்பளம் கைக்கு வருவது ரூ.24 ஆயிரத்து 500. வீட்டில் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், வயதான தாயார். ஆக மொத்தம் 4 பேர்.

2025 செப்டம்பர் 19-ந் தேதி. வெள்ளிக்கிழமை மாலை. வழக்கம்போல் செய்திக்காக நான் அந்த போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து இருந்தேன். அப்போதுதான் அவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பின்னாலேயே மனைவியும் வந்தார்.

"வாடகை 8 ஆயிரத்து 500. மளிகை 4 ஆயிரத்து 200. சீட்டு 2 ஆயிரம். போன் தவணை ஆயிரத்து 650. கரண்டுக்கு 900. எல்லாம் சேர்ந்து 17 ஆயிரத்து 250. மீதி 7 ஆயிரத்து 250 இருக்கணும். பேங்கிலே 412 ரூபாதான் இருக்கு. மீதி 6 ஆயிரத்து 838 எங்கே சார்?"

ஏட்டு கேட்டார்: "யார் மேலேயாவது சந்தேகம் இருக்கா?"

குமாஸ்தா தலையைக் குனிந்து கொண்டார். "பையனுக்கு என் போன் நம்பர் பூட்டு தெரியும்" என்றார்.

மனைவி பொங்கி விட்டார். "சந்தேகப்பட்டு அடிச்சும் போட்டாரு ஐயா. காலேஜ் போற புள்ளை. அஞ்சு நாளா அப்பன் முகத்தைப் பார்க்காம சாப்பிடுறான்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

83 வரிகள்

ஏட்டுக்கு சர்வீஸ் அதிகம். "முதல்லே பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்துட்டு வாங்க. அப்புறம் புகார் எழுதலாம்" என்று அனுப்பினார். பக்கத்து பிரவுசிங் சென்டரில் 7 பக்கம் அச்சாகி வந்தது.

குமாஸ்தா சொன்ன 5 செலவுகளைப் பேனாவால் அடித்தார் ஏட்டு. அதற்கு மேல் 83 வரிகள் இருந்தன. 10 ரூபாய், 15 ரூபாய், 40 ரூபாய். இப்படியே போகிறது.

அதில் ஒரு பெண்ணின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. எண்ணிப் பார்த்தார்கள். 19 நாளில் 41 முறை! மொத்தம் ரூ.1,270.

"யார் இந்தப் பொம்பளை?" ஏட்டு கேட்டார்.

"சத்தியமா தெரியாது சார்!"

"என்னங்க, யாருங்க இவ?" இது மனைவி. குரல் மாறி விட்டது. திருட்டு கேஸ் குடும்பத் தகராறு ஆகப் போகிறதே என்று எனக்கே திக் என்றது.

ஏட்டு நிதானமாக நேரத்தைப் பார்த்தார். காலை 11 மணி. மாலை 4 மணி. சில நாள் 6 மணி. தொகை எல்லாம் 15, 25, 40, 60.

"ஆபீஸ் பக்கத்திலே எங்கே டீ குடிக்கிறீங்க?" என்றார்.

குமாஸ்தாவின் முகத்தில் ஈ ஆடவில்லை.

ஆம். அந்த "மர்ம பெண்", டீக்கடைக்காரரின் மனைவி! பாய்லர் பக்கத்தில் ஒட்டி இருக்கும் கட்டம் போட்ட அட்டை அவருடைய வங்கிக் கணக்கைச் சேர்ந்தது.

மறுநாளே அந்தக் கடைக்குப் போனேன். "என் கணக்கிலே லோன் பிடிக்கிறாங்க தம்பி. அதான் சம்சாரம் பேரிலே வச்சிருக்கேன்" என்றார் கடைக்காரர். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவரே சொன்னார். "காசு கொடுத்த காலத்திலே எண்ணிப் பார்த்துட்டு பிஸ்கட் பாட்டில்லே இருந்து கையை எடுத்துடுவாங்க. இப்போ யாரும் எண்றதில்லை. பாட்டில் சீக்கிரம் காலி ஆகுது."

போனுக்குத் தெரியாதது

இந்தக் குழப்பம் குமாஸ்தாவுக்கு மட்டும் வந்தது அல்ல. யூ.பி.ஐ. முறையை என்.பி.சி.ஐ. நிறுவனம் 2016-ம் ஆண்டு கொண்டு வந்தது. பணம் வாங்குகிறவரின் வங்கிக் கணக்கில் உள்ள பெயரைத்தான் செயலிகள் காட்ட வேண்டும் என்று 2025-ல் உத்தரவும் போட்டது. மோசடிக்காரர்கள் போலிப் பெயரில் ஏமாற்றுவதைத் தடுக்கத்தான் இது. நல்ல காரியம்தான். ஆனால் நமக்கு "நாயர் கடை" என்று தெரியும். "முக்குக் கடை" என்று தெரியும். முக்குக் கடைக்காரரின் பெண்டாட்டி பெயர் யாருக்குத் தெரியும்?

யாருக்குப் போனது, எத்தனை மணிக்குப் போனது, எவ்வளவு என்று போன் சொல்லும். எதற்குப் போனது என்று சொல்லாது. அதை நாம்தான் எழுத வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. யூ.பி.ஐ. லைட் என்று 2022-ல் வந்தது. ரகசிய எண் போடாமலே சின்ன தொகையைக் கொடுக்கலாம். இதில் போனுக்குள் பணத்தை ஏற்றிக்கொண்டு செலவு செய்கிறோம். ஏற்றிய தொகைதான் பாஸ் புத்தகத்தில் ஒரு வரியாக வரும். அதில் குடித்த டீயும் தின்ற வடையும் வராது. செயலிக்குள் போய்த்தான் தேட வேண்டும்.

மீதி எங்கே?

பெட்ரோல் 6 முறை, ரூ.950. மூன்று போனுக்கு ரீசார்ஜ் ரூ.897. போனில் சொல்லி வீட்டுக்கு வரவழைத்த சாப்பாடு 4 முறை, ரூ.1,046. கல்யாண மொய் ரூ.1,001. மருந்துக் கடை ரூ.385.

ரூ.149, ரூ.199 என்று இரண்டு தொகைகள் தானாகவே பிடிக்கப்பட்டு இருந்தன. சினிமா பார்க்க ஒன்று, பாட்டு கேட்க ஒன்று. "முதல் மாசம் இலவசம்" என்று எப்போதோ அமுக்கியது. அதோடு மாதா மாதம் பிடித்துக்கொள்ள அனுமதியும் கொடுத்தாகி விட்டது. இதை யூ.பி.ஐ. செயலியில் "ஆட்டோபே" என்ற இடத்தில் பார்த்து நிறுத்தலாம். ஏட்டு அங்கேயே நிறுத்த வைத்தார்.

பெட்டிக்கடை, பூ, காய்கறி வண்டி எல்லாம் சேர்ந்து 23 வரி. ரூ.741.

கடைசியாக ஒரே ஒரு வரி. ரூ.200. மகன் பெயருக்குப் போனது. "பையன் எடுத்தது இதுதானே?" என்று ஏட்டு கேட்டார்.

குமாஸ்தாவால் பேச முடியவில்லை. மனைவிதான் சொன்னார். "ரெக்கார்டு நோட்டு வாங்க இவரே அனுப்பினது."

கூட்டிப் பார்த்தோம். ரூ.6 ஆயிரத்து 838. ஒரு ரூபாய் கூட குறையவில்லை!

புகார் எழுதவில்லை. அன்று இரவு மகனிடம் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லையாம். பரோட்டா வாங்கிக்கொண்டு போனாராம். அதையும் ஜிபேயில்தான் வாங்கினார்.

ஒன்று சொல்லி விடுகிறேன். எல்லா கேசும் இப்படி முடியாது. நிஜமாகவே பணம் போய் இருந்தால், உட்கார்ந்து யோசித்துக்கொண்டு இருக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். தாமதித்தால் பணம் கை மாறிக்கொண்டே போய் விடும்.

ஊதாரி அல்ல

"டீ குடிச்சே அழிஞ்சான்" என்று அவரைத் திட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மத்திய அரசின் புள்ளியியல் துறை 2022-23-ல் வீடு வீடாகப் போய்ச் செலவுக் கணக்கு எடுத்தது. தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு ஆளுக்கு மாதம் சராசரி ரூ.7 ஆயிரத்து 630 செலவு என்று தெரிய வந்தது. குமாஸ்தாவின் சம்பளத்தை 4 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ரூ.6 ஆயிரத்து 125. சராசரிக்கும் கீழேதான். மனுஷன் ஊதாரி அல்ல. சம்பளமே அவ்வளவுதான்.

அடுத்து 2023-24-லும் அதே கணக்கு எடுத்தார்கள். நாடு முழுவதும் நகரங்களில் 100 ரூபாய் செலவானால், 11 ரூபாய்க்கு மேல் டீ, காபி, பலகாரம், வெளிச் சாப்பாடு வகைக்கே போகிறது. அரிசி, பால், காய்கறி எதற்கும் தனியாக இவ்வளவு போகவில்லை.

அந்தக் கணக்கை எடுத்த விதம்தான் எனக்குப் பிடித்து இருந்தது. காய்கறி, பால், முட்டை என்றால் "கடந்த 7 நாளில் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். கட்டில், பீரோ என்றால் ஒரு வருஷத்துக்குக் கேட்பார்கள். சின்ன செலவு ஒரு வாரத்துக்கு மேல் நினைவில் நிற்காது என்று சர்க்காருக்கே தெரிந்து இருக்கிறது! ஒரே நாளில் எல்லாம் கேட்டால் ஜனங்கள் சலித்துப் போவார்கள் என்று மூன்று முறை வேறு வந்தார்கள்.

காந்தி லண்டனில் படித்தபோது பஸ் காசு, தபால் செலவு, பத்திரிகை வாங்கிய காசு வரை தினம் எழுதி, படுக்கப் போகும் முன்பு கூட்டிப் பார்த்து விடுவாராம். தன் வரலாற்றில் அவரே சொல்லி இருக்கிறார். ஏன் மறுநாள் காலைக்குத் தள்ளிப் போடவில்லை என்று இப்போது புரிகிறது.

குமாஸ்தாவின் மனைவிக்கு இது எதுவும் புதிது அல்ல. "முன்னே சம்பளம் ரொக்கமா வரும். கடுகு டப்பாவிலே பால் காசு. மிளகு டப்பாவிலே காய்கறி காசு. டப்பாவை ஆட்டினா சத்தத்திலேயே தெரிஞ்சிடும். இந்த போனை ஆட்டிப் பார்த்தா என்ன தெரியும் தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

40 பக்க நோட்டு

நவம்பரில் மறுபடி அவர் வீட்டுக்குப் போனேன். 40 பக்க நோட்டு ஒன்றைக் காட்டினார்கள். ராத்திரி 9 மணிக்கு மகன் போனைப் பார்த்துக் கேட்கிறான். அப்பா பதில் சொல்கிறார். மகன் எழுதுகிறான். "இந்த 60 எதுக்குப்பா?" "மூணு பேருக்கு டீயும் பஜ்ஜியும்." இவ்வளவுதான். ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கும் ஒரு வரி.

19-ந் தேதி காலியான சம்பளம் அக்டோபரில் 26-ந் தேதி வரை ஓடியதாம். மாசக் கடைசிக்கு இன்னும் எட்டவில்லை. தீபாவளிக்கு வாங்கிய கைமாற்று பாக்கி நிற்கிறது. அதுவும் நோட்டில் இருக்கிறது.

சில பக்கங்களில் "தெரியவில்லை - 35", "தெரியவில்லை - 20" என்று மகன் சிவப்பு மையில் எழுதி வைத்து இருந்தான். முதல் வாரத்தில் இப்படி 9 இடம். கடைசி வாரத்தில் ஒன்று.

வழி அனுப்ப முக்குக் கடை வரை வந்தார் குமாஸ்தா. இரண்டு டீ சொன்னார். அட்டையில் போனைக் காட்டினார். பெட்டி "முப்பது ரூபாய்" என்று கத்தியது. சட்டைப் பையில் இருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார்.

"என் டீ 15. உங்க டீயை எந்தக் கணக்கிலே எழுதறது தம்பி?" என்று கேட்டார்.

கொஞ்சம் யோசித்து விட்டு, "விருந்தாளி" என்று எழுதிக்கொண்டார்.