300 அடி இறக்கம்

அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் நிலத்துண்டின் மேல் இருக்கிறது சீடார் பாயிண்ட் கேளிக்கைப் பூங்கா. அங்கே 2000 மே மாதம் ஓடத் தொடங்கிய எஃகு ரோலர் கோஸ்டர் 'மில்லினியம் ஃபோர்ஸ்'. உயரம் 310 அடி. கிட்டத்தட்ட முப்பது மாடிக் கட்டடம்.

இந்த ரயிலுக்கு எஞ்சின் கிடையாது. பழைய ரோலர் கோஸ்டர்களில் ஒரு சங்கிலிதான் கடகடவென்று பெட்டிகளை மேலே இழுக்கும். இத்தனை உயரத்துக்குச் சங்கிலி போட்டால் அதன் எடையே பெரும் சுமையாகிவிடும். அதனால் இங்கே லிஃப்டில் இருப்பதுபோல எஃகு வடம். 36 பேரைச் சுமந்த ரயிலை 45 டிகிரிச் சரிவில் அரை நிமிடத்துக்குள் உச்சியில் சேர்த்துவிடும். மடியை அழுத்தும் ஒரு கம்பி, இடுப்பில் ஒரு பெல்ட், அவ்வளவுதான். தோளைப் பிடிக்க எதுவும் இல்லை. கீழே ஏரி விரிந்து கிடக்கும்; அதை நின்று ரசிக்க அவகாசம் இல்லை.

ஏனென்றால் வடம் விட்ட கணமே 300 அடி இறக்கம் தொடங்கிவிடுகிறது. சரிவு 80 டிகிரி, ஏறக்குறைய செங்குத்து. பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரப்படி, 91 மீட்டர் விழும் பொருளின் வேகம் மணிக்குச் சுமார் 152 கி.மீ. மில்லினியம் ஃபோர்ஸின் வேகம் 150! காற்றும் உராய்வும் தின்றது அவ்வளவு கொஞ்சம்தான்.

ஊஞ்சல் இறங்கும்போது அடிவயிற்றில் கூசுமே, அதே உணர்வுதான், பல மடங்காக. உட்கார்ந்திருப்பவரும் இருக்கையும் சேர்ந்தே விழுவதால், உடம்பைத் தாங்கும் அழுத்தம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. வயிற்றுக்குள் குடலும் மிதக்கிறது. அடிவாரத்தில் தடம் மேல்நோக்கி வளைந்ததும் எல்லாம் தலைகீழ்: கை தூக்க முடியாத கனம், கன்னம் கீழே இழுபடுகிறது. அடுத்து 122 டிகிரி சாய்ந்த திருப்பம். தலை தரையைப் பார்க்கச் சரிந்தாலும் யாரும் நழுவுவதில்லை. திரும்பும் வேகமே ஆளை இருக்கையோடு அழுத்தி வைக்கிறது.

ரயில் தடத்தை விட்டு எழும்பாதது எப்படி? தடத்தின் மேலே, பக்கத்தில், அடியில் என மூன்று விதச் சக்கரங்கள் அதைக் கவ்வியிருக்கின்றன. அடிச்சக்கரத்துக்கு ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் காப்புரிமை பெற்றது 1919-இல், மரத்தடங்களின் காலத்தில். உருண்டையான எஃகுக் குழாய்த் தடம் 1959-இல் டிஸ்னிலாந்தின் மேட்டர்ஹார்ன் ரோலர் கோஸ்டரில்தான் முதன்முதலாக வந்தது. இந்த வழுவழுப்பான ஓட்டம் அந்தக் குழாயின் கொடை.

முழுச் சுற்று ரோலர் கோஸ்டர்களில் உலகிலேயே மிக உயரமானது என்ற மில்லினியம் ஃபோர்ஸின் சாதனை மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. ஆகஸ்டிலேயே ஜப்பானின் 'ஸ்டீல் டிராகன் 2000' அதைப் பறித்துக்கொண்டது. மில்லினியம் ஃபோர்ஸில் இரண்டு கிலோமீட்டர் தடம், இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். முதல்முறை ஏறுபவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள், எதிரே வெறும் வானம்தான் தெரியும். இறக்கத்தின் முழு வீச்சு வேண்டுமென்றால் கடைசி வரிசை: முன்பெட்டிகள் ஏற்கெனவே விழத் தொடங்கியிருக்க, அந்த வரிசையை உச்சியிலிருந்து வெடுக்கென்று இழுத்துப்போகும்.