தேடினால் போச்சு நேரம்!

"ஸ்பேனர் எங்கே?" "ரசீதுப் புத்தகம் எங்கே?"

சிறு பட்டறைகளில் தினமும் கேட்கும் குரல் இது. தேடுவதற்கு 10 நிமிடம்தானே என்று நினைக்கலாம். கணக்குப் பாருங்கள். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் 3,000 நிமிடம். அதாவது 50 மணி நேரம்! ஆறு நாள் உழைப்பு வீண்!

பெரிய ஆலையில் ஆள் உண்டு. சிறு தொழிலில் முதலாளியேதான் தொழிலாளி, அவரே கணக்குப்பிள்ளை. சொன்ன நாள் தவறினால், ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போய்விடும்.

இதற்கு வழி என்ன?

முகப்பேருக்குப் பக்கத்திலேயே பாடி இருக்கிறது. அங்கே சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு, 1998-ம் ஆண்டில் 'டெமிங்' பரிசு பெற்றது. தரத்துக்காக ஜப்பான் வழங்கும் பரிசு இது. இந்தியாவில் இதை முதலில் வாங்கியது அந்தப் பிரிவுதான்!

தரம் வளர்க்க ஜப்பானியர் சொல்லும் பழக்கங்கள் ஐந்து: வேண்டாததை விலக்கு. வேண்டியதை அதனதன் இடத்தில் வை. சுத்தம் செய். எல்லோருக்கும் ஒரே முறை வகு. அதை விடாமல் கடைப்பிடி.

முகப்பேர் பட்டறையிலும் இதைச் செய்யலாம். சுவரில் ஒரு பலகை அடியுங்கள். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் வரைந்து, அதன் மேலேயே கருவியை மாட்டுங்கள். எது காணவில்லை என்று வெற்று உருவமே சொல்லிவிடும்!

திருகாணியை இரண்டு டப்பாவில் வையுங்கள். ஒன்று காலியானதும் புதிதாக வாங்கச் சொல்லுங்கள். சரக்கு வரும்வரை இரண்டாவது டப்பா கைகொடுக்கும்.

செலவு? ஒரு பலகை, கொஞ்சம் பெயிண்ட், இரண்டு டப்பா. லாபம்? பொழுது சாயும் முன் வீடு திரும்பலாம்!