பழைய டீசல் ஸ்விஃப்ட் வெச்சிருக்கீங்களா? டர்போவைக் காப்பாற்றும் சின்னச் சின்ன விஷயங்கள்!

செகண்ட் ஹேண்ட் கார் மார்க்கெட்டில் இன்றைக்கும் மவுசு குறையாத ஒரு பெயர், டீசல் ஸ்விஃப்ட். மாருதி 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 விதிகள் வந்தபோது டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனாலும் 'மைலேஜ் கொடுக்கும், பிக்-அப் இருக்கும், பாகங்கள் ஈஸியா கிடைக்கும்' என்று தேடி வாங்குபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அப்படி வாங்கிய பலருக்கும் முதல் பெரிய செலவு வைப்பது டர்போதான். அதற்கும் முன்கூட்டியே அறிகுறிகள் தெரியும். பார்க்கத் தெரிந்தால் போதும்.

ஒரே இன்ஜின்... பல கார்கள்!

ஸ்விஃப்ட்டில் இருப்பது ஃபியட்டின் 1,248 சி.சி மல்ட்டிஜெட் இன்ஜின். 2003-ல் ஐரோப்பாவில் அறிமுகமாகி, 2007-ல் ஸ்விஃப்ட் மூலம் நம் ஊர் வீடுகளுக்குள் வந்தது. டிசையர், ரிட்ஸ், எர்டிகா, ஃபியட் புன்ட்டோ, லீனியா, டாடா இண்டிகா விஸ்டா என்று பல கார்களில் இதே இன்ஜின் இருந்ததால், 'இந்தியாவின் தேசிய இன்ஜின்' என்று செல்லப்பெயரே உண்டு. உங்கள் கார் இதில் எதுவாக இருந்தாலும் கீழே உள்ளவை பொருந்தும்.

டர்போ என்ன செய்கிறது?

சைலன்ஸர் வழியாக வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி, வெளிக்காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. காற்று அதிகமானால் கூடுதல் டீசலை முழுமையாக எரிக்கலாம். சின்ன இன்ஜினிலேயே பெரிய பலம் கிடைக்கும்.

இந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும். ஒரு பக்கம் கொதிக்கும் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. நடுவில் தண்டைத் தாங்கிப் பிடிப்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. டர்போவின் ஆயுள் பெரும்பாலும் அந்த ஆயிலின் கையில்தான் இருக்கிறது.

ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம்!

* 10,000 கி.மீ அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலும் ஃபில்டரும் சேர்த்தே மாற்றுங்கள். சிட்டி டிராஃபிக்கிலேயே ஓடும் பழைய கார் என்றால், இன்னும் சீக்கிரம் மாற்றுவது நல்லது.

* டப்பாவில் இருக்கும் கிரேடு எண், கார் மேனுவலில் சொல்லப்பட்ட எண்ணோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 'எல்லா டீசல் வண்டிக்கும் இதுதாங்க ஊத்துவோம்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.

* வாரம் ஒருமுறை, காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் ஆபத்துதான்.

* இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட் கிடையாது; செயின்தான். அதற்கும் இதே ஆயில்தான் உயிர். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கடகட'வென செயின் சத்தம் கேட்டால் உடனே காட்டுங்கள்.

ஓட்டும் விதத்தை மாற்றுங்கள்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலரேட்டரை முறுக்காதீர்கள். ஆயில் டர்போவரை போய்ச் சேர சில நொடிகள் வேண்டும். முதல் சில கிலோமீட்டர் நிதானமாகவே போங்கள்.

அதேபோல, ஹைவேயில் ஒரே மூச்சில் ஓட்டிவந்து, சாப்பாட்டுக்கு ஹோட்டல் வாசலில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பாதீர்கள். இன்ஜின் நின்றால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். டர்போவில் தேங்கிய ஆயில், அந்தச் சூட்டில் கருகிக் கரியாகப் படியும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஐடிலில் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்திருந்தால் இது தேவையில்லை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை 3-வது கியரிலேயே திணறித் திணறி ஏற்றுபவர்களும் உண்டு. இந்த இன்ஜினில் டர்போவின் பலம் சுமார் 2,000 ஆர்.பி.எம்-ல்தான் முழுதாக வரும். அதற்குக் கீழே மிதித்தால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம். தயங்காமல் கியரைக் குறையுங்கள்.

பிக்-அப் குறைந்தால் உடனே டர்போ மாற்றணுமா?

அவசரப்படாதீர்கள். புது டர்போ என்றால் பல்லாயிரம் ரூபாய் செலவு. அதற்கு முன் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்:

1. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா?

2. டர்போவிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸில் விரிசல் இருக்கிறதா? வேகமெடுக்கும்போது 'உஸ்ஸ்' என்று சத்தமும் கரும்புகையும் வந்தால், சந்தேகம் முதலில் இங்கேதான்.

3. இ.ஜி.ஆர் வால்வில் கரி படிந்திருக்கிறதா?

4. டீசல் ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாளாகிறது? அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா?

டர்போதான் போய்விட்டது என்று உறுதியானாலும், 'ஏன் போச்சு?' என்று கட்டாயம் கேளுங்கள். ஆயில் வரும் குழாய் அடைத்திருந்தால், புது டர்போவும் அதே கதிக்கு ஆளாகும். டர்போ மாற்றும்போது ஆயில், ஃபில்டர், ஆயில் குழாய் மூன்றையும் கவனித்து, காற்று ஹோஸ்களில் தேங்கிய ஆயிலையும் சுத்தம் செய்ய வேண்டும்.

நீலப் புகையா? உஷார்!

ஆயில் எரிகிறது என்பதன் அடையாளம், நீலம் கலந்த புகை. கூடவே ஆம்புலன்ஸ் சைரன் போல ஊளைச் சத்தமும் கேட்டால், காரை ஓட்டாதீர்கள்.

காரணம் இருக்கிறது. டர்போவின் சீல் உடைந்தால், ஆயில் நேராக இன்ஜினுக்குள் போகும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கி, தானாக வேகமெடுக்கும். சாவியை ஆஃப் செய்தாலும் நிற்காது. அரிதுதான், ஆனால் நடந்தால் பதற்றத்தில் கை கால் ஓடாது. எனவே இதை வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்:

கிளட்ச்சை மிதித்து, பிரேக் பிடித்து ஓரமாக நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே டாப் கியர் போட்டு, கிளட்ச்சை சட்டென விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காவிட்டால், எல்லோரையும் இறக்கிவிட்டு விலகிப் போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து கை வைக்கவே வேண்டாம்.

பவர் ஏற்றலாமா?

'ரீமேப் பண்ணா வண்டி பறக்கும் ப்ரோ' என்று யாராவது சொல்வார்கள். கம்ப்யூட்டர் செட்டிங்கை மாற்றி, டீசலையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டுவதுதான் ரீமேப். ஸ்விஃப்ட்டில் இந்த இன்ஜினின் பவர் 75 பி.எஸ். இதே இன்ஜினை எர்டிகாவில் 90 பி.எஸ் ஆக்கியபோது, கம்பெனி டர்போவையே வேறு வகைக்கு மாற்றியது. நாமோ வயதான அதே டர்போ, அதே கிளட்ச் மீது சுமையை மட்டும் ஏற்றுகிறோம். தவிர, தயாரிப்பாளரின் வடிவமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரலாம்.

அந்தப் பணத்தை இப்படிச் செலவழிக்கலாம்:

* டயர்: பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். '2319' என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும்.

* பிரேக்: பேடுகளோடு, பிரேக் ஆயிலையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

* ஹெட்லைட்: மஞ்சளடித்த கண்ணாடியைப் பாலிஷ் செய்தாலே இரவில் வித்தியாசம் தெரியும்.

* சஸ்பென்ஷன் புஷ்கள்: தேய்ந்தவற்றை மாற்றினால் பழைய காரின் 'லொடலொட' சத்தம் அடங்கும்.

15 வருடம் நெருங்குகிறதா?

காரின் பதிவு 15 வருடங்களுக்குத்தான். 2011-ல் பதிவான கார் என்றால் 2026-ல் ஆர்.டி.ஓ-விடம் காட்டி, எஃப்.சி வாங்கினால்தான் மேலும் 5 வருடங்களுக்குப் புதுப்பிப்பார்கள். புகை கக்கும் வண்டியோடு போய் அங்கே நிற்க முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும் இந்தத் தேதியைப் பார்த்துவிட்டே விலை பேசுங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். 'நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வெச்சுட்டேன்' என்றால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே கார் இருக்கிறதா? நாளைக் காலை சாவியைப் போடும் முன், முதல் வேலையாக டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள்!