தோப்பும் களமும் யாருடையவை?

சேலம் மாவட்டத்து இளம்பிள்ளையில் தறி போடவும் சேலை அடுக்கவும் இடம் தேடுவோர் பலர். மனை விலை ஏற ஏற, சுற்றுக் கிராமங்களில் வேலியில்லாமல் கிடக்கும் நிலத்தின் மேல் கண் விழுகிறது. அந்த நிலத்துக்குத் தனி ஆள் பெயரில் பட்டா இருக்காது. ஆனால் உரிமையாளர் உண்டு.

சட்டம் சொல்வது

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 134ஆம் பிரிவில் மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, இடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளைக் கிராம ஊராட்சியின் பொறுப்பில் வைத்திருக்கிறது. பக்கத்திலுள்ள கஞ்சமலைக் காப்புக் காடு இதில் சேராது. அது வனத்துறையின் கையில் உள்ளது. வீட்டு மனைகளுக்கான நத்தமும் வேறு வகை. அங்கே குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. ஆகவே ஒரு நிலத்தைப் பற்றிப் பேசுமுன் அதன் வகைப்பாட்டைப் பார்த்துவிட வேண்டும்.

ஏமாறும் இடங்கள்

புறம்போக்கை 'அனுபவ பாத்தியதை' என்று வெற்றுப் பத்திரத்தில் எழுதி விற்பவர்கள் உண்டு. அதை வாங்கியவர் வீட்டு வரி ரசீதையும் மின் இணைப்பையும் காட்டுவார். இரண்டும் உரிமை தரா. 'பி மெமோ' கட்டுவதும் அப்படித்தான்: அது ஆக்கிரமித்ததற்கான அபராதம், பட்டாவுக்கு முன்பணம் அல்ல.

இன்னொரு ஆபத்து அமைதியாக நடப்பது. நிலத்தின் வகைப்பாட்டை மாற்றும்போது ஊராட்சியின் தீர்மானம் கேட்கப்படும். கூட்டம் கலையும் நேரத்தில் தீர்மானப் புத்தகத்தை வாசிக்காமல் கையெழுத்துப் போட்டால், களத்தை விட்டுக்கொடுத்ததில் நம் கையெழுத்தும் இருக்கும்.

செய்ய வேண்டியவை

* சர்வே எண்ணைக் கொண்டு அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் அரசின் இணையச் சேவையில் பாருங்கள். கிடைக்காவிட்டால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.
* ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 உள்ளிட்ட நாட்களில் கூடும் கிராம சபையில் பொது நிலங்களின் பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். இளம்பிள்ளை பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை இல்லை. வார்டு உறுப்பினர் மூலம் மன்றத்தில் எழுப்பலாம்.
* ஆக்கிரமிப்பு இருந்தால் வட்டாட்சியருக்கு எழுத்து மனு கொடுத்து, வட்டார வளர்ச்சி அலுவலருக்கு நகல் அனுப்புங்கள். ஜமாபந்தியும், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டமும் அடுத்த வாய்ப்புகள். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் நோட்டீஸ் கொடுத்து அகற்ற வழி செய்கிறது.

ஏழைக் குடும்பம் ஒன்று புறம்போக்கில் குடியிருந்தால்? நோட்டீஸ் வந்ததும் ஒளியாமல் எழுத்தில் பதில் கொடுத்து, இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனுச் செய்ய வேண்டும். ஏரி, ஓடை நிலமாக இருந்தால் அந்த இடத்துக்கே பட்டா கிடைக்காது. மாற்றிடம் கேட்பதே வழி.

நீதிமன்றம்

பஞ்சாபின் ரோகர் ஜாகீர் கிராமத்தில் குளத்தை நிரப்பி வீடு கட்டிய வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆக்கிரமிப்பாளர் பக்கம் நிற்க மறுத்தது. பல ஆண்டு அனுபவமும், கட்டடத்துக்குச் செய்த பெருஞ்செலவும், அரசியல் செல்வாக்கும் ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் காரணமாகா என்றது. ஊர்ப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. நிலமற்ற தொழிலாளருக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் அரசே குத்தகை தந்த இடம், பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு விட்டது.

தீர்ப்பு துணை நிற்கும். மனு எழுத வேண்டியவர்கள் ஊரார்தான். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது சர்வே எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள். தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.