பாட்டியார் கண்ட திருமணம்

கண்டி வாவிக் கரையில் நடமாட்டம் அடங்கி, ஹந்தானை மலையிலிருந்து குளிர் இறங்கும் வேளையில், வீட்டார் அனைவரும் கூடத்தில் அமர்ந்து படம் பார்ப்பது தனி இன்பம். பெரிய தொலைக்காட்சிப் பெட்டியுடன் கணினியொன்றை இணைத்துவிட்டால் வீடே சிறியதொரு படமாளிகையாகி விடுகின்றது. எமது இல்லத்திலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அலுவலகமொன்றில் உழைத்து ஓய்வு பெற்ற, 2013ஆம் ஆண்டளவில் செய்யப்பட்ட கணினி அது. பழைய படங்களைக் குறைவின்றிக் காட்டி வந்தது.

சோதனை கனடாவிலிருந்து வந்தது. அங்கு நடந்த பேத்தியின் திருமணத்துக்குப் பாட்டியாரால் போக இயலவில்லை. கைத்தொலைபேசியிற் பிடித்த படத்தை மணவீட்டார் அனுப்பி வைத்தனர். மாப்பிள்ளை தாலியைக் கையிலெடுத்த அந்தக் கணத்திற் படம் நின்றது, பின் துள்ளியது, மறுபடியும் நின்றது. "என்ன தம்பி, மாப்பிள்ளை கை அந்தரத்திலேயே நிக்குது?" என்றார் பாட்டியார். எமக்கோ பெரும் வெட்கமாயிற்று.

மறுநாள் கடையொன்றில் விசாரித்தோம். கணினி விளையாட்டுக்கென அமைந்த பெரிய கிராபிக்ஸ் அட்டையொன்றையும், அதற்கு மின்சாரம் போதாதென்று புதிய மின்வழங்கியொன்றையும் சேர்த்து வாங்கச் சொன்னார்கள். விலையைக் கேட்டுத் திகைத்துத் திரும்பினோம். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறியதை நம்மில் எவர் மறப்பார்? பின்னர் ஓரளவு இறங்கினாலும், கடல் கடந்து வரும் பொருள்களின் விலை பழைய நிலையை எட்டவில்லை.

எம்மைக் காத்தவன், பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயிலும் மருமகன். அவன் படத்தை ஓடவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து காட்டினான். கணினியின் பிரதான செயலி நூறு வீதமும் திணறிக்கொண்டிருந்தது. படத்தை விரிப்பதற்கான 'வீடியோ டிகோட்' என்னும் பகுதியோ சும்மா கிடந்தது.

இதன் காரணம் அறியத்தக்கது. 4கே எனப்படும் படத்தின் ஒரு சட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள. செக்கனுக்கு 60 சட்டமெனில் 50 கோடிப் புள்ளிகள்! அத்தனையையும் அப்படியே சேமிக்க முடியாதாகையால், முன்சட்டத்திலிருந்து மாறியதை மட்டும் குறித்துச் சுருக்குகின்றனர். சுருக்கும் முறைகளும் காலந்தோறும் மாறின: 2003இல் எச்.264, 2013இல் எச்.265, 2018இல் ஏவி1. சுருக்கியதை விரிப்பதற்கென்றே கிராபிக்ஸ் பகுதியிற் தனிச் சுற்று ஒன்று உண்டு. ஆனால் தான் பிறந்தபோது அறிந்திருந்த முறைகளையே அது அறியும். எமது கணினி எச்.264 வரை கற்றது. கனடாத் திருமணமோ எச்.265இல் வந்தது. தெரியாத மொழிக் கடிதத்தை அகராதி புரட்டி வாசிப்பதுபோலப் பிரதான செயலி தவித்தது.

ஆகவே தேவைப்பட்டது பலம் மிக்க அட்டையன்று. அம்முறையை அறிந்த அட்டை. 2017இல் வெளிவந்த ஜிடி 1030 என்னும் சிறிய அட்டை, பழையதாய், மலிவாய்க் கிடைத்தது. அதற்கு 30 வாற் மின்சாரமே போதும். தனி மின்கம்பியும் வேண்டா. ஏவி1 முறை அதற்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இணையப் படங்களையே மிகுதியாய்ப் பார்ப்போர், அதனையும் அறிந்த அட்டையைத் தேடுவதே நன்று. ஒல்லியான பெட்டியுடைய கணினியாயின் அட்டையின் உயரத்தையும் அளந்து வாங்குக.

பொருத்திய அன்று திரை கறுத்தே நின்றது. அட்டை பழுதென்று அஞ்சினோம். தொலைக்காட்சிக் கம்பியைப் புதிய அட்டையிற் செருகாமற் பழைய துளையிலேயே விட்டிருந்தோம் என்பது அரைமணி நேரத்தின் பின்னரே விளங்கிற்று!

இன்னுமொரு நுட்பம் எஞ்சியிருந்தது. இண்டியானா ஜோன்ஸின் 1984ஆம் ஆண்டுப் படத்தில் வரும் தொங்குபாலக் காட்சி, கண்டிக்கு அணித்தே, விக்டோரியா அணை எழுந்த இடத்தருகில் எடுக்கப்பட்டது. ஊர்ப் பெருமைக்காக அதனைப் போட்டுப் பார்த்தபோது, கமரா பக்கவாட்டில் திரும்புந்தோறும் படம் மெல்ல உதறியது. திரைப்படம் செக்கனுக்கு 24 சட்டம்; எமது திரையோ 60 தடவை புதுப்பித்தது. 60ஐ 24 சரியாக வகுக்காது. எனவே ஒரு சட்டம் இருமுறையும் அடுத்தது மும்முறையுமாய்த் தோன்றுகின்றது. விண்டோஸ் அமைப்பில் 24 என மாற்றியதும் உதறல் நின்றது. நம் நாட்டுத் தொலைக்காட்சி 25 சட்ட முறையைப் பின்பற்றுவது. அதிலிருந்து பதிந்த பெரஹராக் காட்சிகளுக்கு 50 பொருந்தும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அட்டை வாங்கப் புறப்படுமுன் இதனையே முதலிற் பார்த்திருக்கலாம். தாலிக்காட்சி நின்றதற்கு இது மருந்தாகாது எனினும், சிறு உதறல் மட்டுமே உள்ள வீடுகளுக்கு இதுவே போதும்.

வெள்ளி மாலை திருமணத்தை மீண்டும் போட்டோம். தாலி தடையின்றி ஏறியது. பாட்டியார் அதை மும்முறை பார்த்தார். "பிள்ளை கையிலே மருதாணி நல்லாச் சிவந்திருக்கு, பாத்தியா?" என்றார்.