கல்கத்தாவின் செங்கல் முகம்

அரசாங்கம் குடியிருந்த இடங்கள் – 9

சென்ற வாரம் வெல்லெஸ்லி பிரபு கட்டிய கவர்னர் ஜெனரல் மாளிகையைப் பார்த்தோம். அங்கிருந்து பொடிநடையாக வடக்கே வந்தால் லால் திகி குளம். அதன் வடபுறம் முழுவதையும் அடைத்துக்கொண்டு செக்கச்செவேலென்று நிற்கிறது ரைட்டர்ஸ் பில்டிங். இதை வரைந்தும் படம்பிடித்தும் வைத்தவர்கள் ஏராளம். அந்தப் படங்களை வரிசையாக அடுக்கினால், கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்குப்பிள்ளைகள் தங்கிய இடம் ஒரு மாகாணத்தையே ஆளும் இடமான கதை தானாக விரியும்.

முதலில் தாமஸ் டேனியல். தம் சகோதரர் மகன் வில்லியமுடன் 1786இல் கல்கத்தா வந்த ஓவியர். அவர் படத்தில் இருப்பது இன்றைய கட்டடமா என்று சந்தேகமே வந்துவிடும். நீளமான மொட்டைச் சுவர், ஒன்றுபோல் ஜன்னல்கள், ஓரத்தில் கம்பெனி அதிகாரி ஹால்வெல் எழுப்பிய நினைவுத்தூண். அலங்காரம் என்று எதுவும் இல்லை. கம்பெனியின் இளநிலை எழுத்தர்களுக்காக தாமஸ் லயான் 1777இல் கட்டத் தொடங்கிய 19 குடியிருப்புகள் அவை. செலவு மிச்சமானால் போதும் என்று நினைத்த வியாபாரிகளின் கட்டடம் அது.

1821இல் ஹால்வெல் தூண் இடிக்கப்பட்டது. அதே ஆண்டில் இந்தக் கட்டடத்துக்கு 128 அடி நீள வராந்தாவும் 32 அடி உயரத் தூண்களும் வந்து சேர்ந்தன. வியாபாரி ஆட்சியாளன் ஆகிவிட்டான். வாசலிலும் அது தெரிய வேண்டியிருந்தது.

பிறகு காமிரா வந்தது. 1851 வாக்கில் கல்கத்தாவைப் படம்பிடித்தவர் ஃபிரெடரிக் ஃபீபிக். உப்புக்கரைசலில் தோய்த்த தாளில் அச்சிட்டு, அதன்மேல் தூரிகையால் வண்ணம் பூசுவார். சென்னையையும் இலங்கையையும் இப்படியே பதிவு செய்தவர் அவர். அந்தக் காலத்துப் படங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு படத்துக்குக் காமிரா நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அசையாத தூண் தாளில் பதியும். நடந்து போனவர் பதியமாட்டார். பல்லக்குத் தூக்கியும் தண்ணீர் சுமந்தவரும் அப்படித்தான் படத்திலிருந்து மறைந்துபோனார்கள்.

1877க்குப் பிறகு, துணை கவர்னர் ஆஷ்லி ஈடன் காலத்தில், வங்காளத் தலைமைச் செயலகம் இங்கே வந்தது. பழைய சுவருக்குப் பிரெஞ்சு பாணியில் செங்கல் முகப்பு போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அஞ்சலட்டைப் படங்களில் நாம் காண்பது இந்த முகத்தைத்தான். உச்சியில் மினர்வா. கீழே நீதி, வணிகம், அறிவியல், வேளாண்மை என நான்கு சிற்பத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு கிரேக்கத் தெய்வம். இருபுறமும் ஓர் ஐரோப்பியரும் ஓர் இந்தியரும். நாங்கள் இருவருக்கும் பொதுவானவர்கள் என்று கல்லில் சொல்லிக்கொண்டது அரசு.

அந்தப் பேச்சுக்கு மறுமொழி கட்டடத்துக்கு உள்ளேயே கிடைத்தது. 1930 டிசம்பர் 8 அன்று ஐரோப்பிய உடையில் நுழைந்த பினோய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்கள் சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்டுக் கொன்றார்கள். மூவருமே பின்னர் உயிரிழந்தார்கள். லால் திகியைச் சுற்றியுள்ள டல்ஹவுசி சதுக்கம் இன்று அவர்கள் பெயரைத் தாங்குகிறது. இதற்குப் பிந்தைய எந்தப் படத்தைப் பார்த்தாலும், அந்த முகப்புக்குப் பின்னால் இருக்கும் தாழ்வாரம்தான் என் நினைவுக்கு வருகிறது.

சுதந்திரத்துக்குப் பின் இலாகாக்கள் பெருகின. முற்றங்களில் புதுக்கட்டடங்கள் முளைத்தன. வெளியே சாலையில் நின்று எடுத்த படங்களில் இந்த நெருக்கடி தெரியவே தெரியாது. 2013 அக்டோபரில் மம்தா பானர்ஜி தலைமைச் செயலகத்தை ஹவுராவின் நபன்னாவுக்கு மாற்றினார். சீரமைப்பு தொடங்கியது, பிற்காலத்தில் முளைத்த உட்கட்டடங்கள் இடிக்கப்பட்டன.

இங்கேதான் என் ஆதங்கம். முகப்பைப் பழையபடி கொண்டுவர டேனியல் முதல் அஞ்சலட்டை வரை சாட்சிகள் இருக்கின்றன. ஆனால் அரசாங்கம் நடந்தது முகப்பில் அல்ல. கோப்பு கட்டிய அறையிலும், மனுவோடு காத்திருந்தவர்களின் பெஞ்சிலும், மாடிப்படியிலும் நடந்தது. எந்த ஊரில் எந்தப் பழைய அலுவலகத்தில் கடப்பாரை விழுந்தாலும், அதற்குமுன் அறை அறையாகப் படமெடுத்து, தேதியும் இடமும் எழுதி வைப்பதைச் சட்டமாக்க வேண்டும். முகப்பு ஆண்டவர்கள் விரும்பிக் காட்டியது. உள்ளறைகள் மக்கள் வந்துபோன இடம். அவற்றுக்கும் சாட்சி வேண்டும்.

(அடுத்த வாரம்: இதே சதுக்கத்தில், பழைய வில்லியம் கோட்டை நின்ற மண்ணில் 1868இல் எழுந்த தலைமைத் தபால் நிலையம்)